அறிதலும் அறிவித்தலும்

ஒன்றை அறிந்திருத்தல் வேறு. அறிந்ததைப் பிறருக்கு விளங்க உரைத்தல் வேறு. கணக்கில் வல்லவர் எல்லாரும் கணக்காசிரியர் ஆகிவிடுவதில்லை. கற்பிக்கும் முறைகளை மட்டும் பயின்றவர் கணக்கைக் கற்பித்துவிடவும் இயலாது. இவ்விரு திறமும் ஒருவரிடத்தே கூட வேண்டுமாயின், அதற்குரிய பயிற்சி எப்போது தொடங்குதல் வேண்டும்? அமெரிக்க நாட்டுக் கல்வியாளர் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் வினா இது.

அந்நாட்டில் சமுதாயக் கல்லூரி என்னும் ஈராண்டுக் கல்லூரிகள் பல உள. பொதுப் பணத்தில் நடைபெறும் அத்தகைய கல்லூரிகளுள், 1901ஆம் ஆண்டில் இலினொய் மாநிலத்து ஜோலியட் நகரில் தோன்றியதே இன்றளவும் நிலைத்திருப்பவற்றில் மூத்தது. பகலெல்லாம் தொழில் புரிவோர், குழந்தைகளை வளர்க்கும் தாய்மார், மிகுந்த கட்டணம் செலுத்த இயலாத இளைஞர் முதலியோர் இவற்றை நாடுகின்றனர். இங்கு ஈராண்டு பயின்றவர், பல்கலைக்கழகத்தில் மேலும் ஈராண்டு கற்றுப் பட்டம் பெறலாம்.

'முதல் ஈராண்டில் பாடத்தை மட்டும் படிக்கட்டும்; கற்பிக்கும் கலையைப் பின்னர்ப் பல்கலைக்கழகத்தில் கற்றுக்கொள்ளலாம்' என்பாரும் உளர். இக்கூற்று பொருந்தாது. ஒரு வகுப்பறையை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும்.

அரையோடு மூன்றில் ஒன்றைக் கூட்டுமாறு ஆசிரியர் கூறுகிறார். சிறுவன் ஒருவன் மேலெண்களைத் தனியாகவும் கீழெண்களைத் தனியாகவும் கூட்டி, ஐந்தில் இரண்டு என்று எழுதுகிறான். 'தவறு' என்று கோடிட்டு விதியைச் சொல்லிவிடுதல் எளிது. மறுவாரமும் அவன் அவ்வாறே எழுதுவான்! பாடத்தையும் பயிலும் மனத்தையும் ஒருங்கே அறிந்த ஆசிரியரோ, 'உன் விடை அரையைவிடப் பெரிதா, சிறிதா?' என்று வினவுவார். ஐந்தில் இரண்டு அரையினும் சிறிது. கூட்டியபின் குறைவது எங்ஙனம்? சிறுவன் தன் விடையைத் தானே ஐயுறத் தொடங்குவான்.

அவன் கணக்கில் ஒரு நியாயமும் உண்டு. ஒரு தேர்வில் இரண்டு வினாக்களுள் ஒன்றுக்கும், அடுத்த தேர்வில் மூன்று வினாக்களுள் ஒன்றுக்கும் சரியாக விடையளித்தவன், ஐந்தனுள் இரண்டுக்கு விடையளித்தவன் அல்லனோ? அங்கே முழுமை வெவ்வேறு. பின்னக் கூட்டலில் முழுமை ஒன்றே. இவ்வேறுபாட்டைக் கண்டு காட்டும் அறிவு கணக்காசிரியருக்கே உரியது; வரலாற்றாசிரியருக்கு வேண்டுவது மற்றொன்று. லீ ஷுல்மன் என்னும் அறிஞர் 1986இல் வெளியிட்ட கட்டுரையில் இத்தகைய தனியறிவையே வற்புறுத்தினார். பின்னத்தைக் கல்லூரியில் மீண்டும் எண்ணிப் பார்க்கும்போதே இதனையும் கற்பதன்றோ இயல்பு?

மேரிலாந்து மாநிலத்துச் சமுதாயக் கல்லூரிகள் இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் இவ்வழியில் சென்றன. கணிதம், வேதியியல், இயற்பியல், ஆங்கிலம், ஸ்பானிய மொழி எனப் பாடந்தோறும் ஆசிரியக் கல்விக்கான ஈராண்டுப் பட்டங்களை வகுத்தன. அங்குக் கற்றவற்றை அம்மாநிலப் பல்கலைக்கழகங்கள் ஒவ்வொன்றாகப் பிரித்து ஆராயாமல் ஒருசேர ஏற்கும் ஏற்பாடும் செய்யப்பெற்றது. இது சிறு செய்தியன்று. ஏற்கப்படாத பாடத்தை மீண்டும் படிக்க நேர்ந்தால், மாலை வகுப்புக்கு வரும் தொழிலாளிக்குப் பணமும் காலமும் வீணாகும். கல்வியையே கைவிடவும் நேரும்.

முறையைச் சேர்ப்பதற்காகப் பாடத்தைக் குறைத்தல் மட்டும் கூடாது. கணக்கறியாதவர் எம்முறையால் கணக்கைக் கற்பிப்பார்? இளமையிலே தேர்ந்த தொழிலில் பின்னர் மனம் மாறலாம் என்னும் தடையோ வலியற்றது. பயிற்சியின் பகுதியாக அருகிலுள்ள பள்ளிக்குச் சென்று வகுப்பைக் காணும் மாணவர் ஒருவர், 'இத்தொழில் எனக்கு ஏற்றதன்று' என்று உணரவும் கூடும். அதனை நான்காம் ஆண்டில் உணர்வதினும் முதலாண்டில் உணர்வது அவருக்கும் நன்று. அவரிடம் பயில இருந்த சிறுவர்க்கும் நன்று.