வாளா, ஏடா?

வீரம் என்றதும் வாளும் வேலும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. கணிப்பொறிப் போர் விளையாட்டிலும் நம் மாணவ நண்பர்கள் முதலில் தேடுவது வாள் திறனையே. அது சரியான தேர்வுதானா?

2018-இல் செக் நாட்டிலிருந்து வெளிவந்த ‘கிங்டம் கம்: டெலிவரன்ஸ்’ என்னும் விளையாட்டை நம்மில் பலர் அறிவர். கதை நடப்பது 1403-ஆம் ஆண்டு, பொஹீமியாவில். நாயகன் ஹென்றி ஒரு கொல்லரின் மகன். சிகிஸ்மண்ட் மன்னனின் படை ஊரை அழித்துவிட, பெற்றோரை இழந்து நிற்கிறான். அவனுக்கு வாள்வீச்சும் தெரியாது, எழுத்தும் தெரியாது.

செய்யச் செய்யத் திறன் வளரும். வளர வளர, ‘பெர்க்’ எனப்படும் சிறப்புத் தகுதிகளை நாமே ஒவ்வொன்றாகத் தேர்ந்துகொள்ளலாம். எல்லாமே இலாபம் தருவன அல்ல. காட்டில் வலுக்கூட்டும் தகுதி ஊருக்குள் வலுவைக் குறைக்கும். ஆகவே யாரோ எழுதிய பட்டியலைப் பார்த்து, எல்லாவற்றையும் வாளுக்கே கொடுத்து விடுகிறார்கள் பலர்.

என் கருத்து வேறு. ஹென்றியை முதலில் எழுத்தரிடம் அனுப்ப வேண்டும். அதற்கு முன் அவன் நூலைத் திறந்தால் எழுத்துகள் இடம்மாறிக் குழம்பிக் கிடக்கும். கற்ற பிறகு மெல்ல மெல்ல ஒழுங்குபடும். பின்னர் வாள்வீச்சு பற்றிய நூலைப் படித்தால் வாள் திறன் வளரும். மூலிகை நூலைப் படித்தால் மூலிகை அறிவு வளரும். எழுத்தறிவு பல திறன்களில் ஒன்றன்று. மற்றவற்றுக்கும் அதுவே வாசல்.

“பகைவன் எதிரே நிற்கையில் ஏடு காக்குமா?” என்பீர்கள். தாமிரபரணிக் கரையில் சிலம்பம் பழகியவர்களைக் கேளுங்கள். காலடி வரிசை யாரையும் அடிப்பதில்லை. ஆயினும் ஆசான் அதைத்தானே முதலில் பழக்குகிறார்? கால் நிற்காவிட்டால் கையிலுள்ள கம்பும் நிற்காது.

நம் கல்லூரியில் பயில்வோரில் பலர் தம் குடும்பத்திலிருந்து கல்லூரிப் படியேறிய முதல் தலைமுறையினர். கைநாட்டு வைத்த தாத்தா பாட்டியரின் பேரப்பிள்ளைகள். எழுத்துகள் குழம்பித் தெரிவதன் துயரம் நமக்கு வெறும் விளையாட்டன்று. அப்படியிருந்தும் நூலகத்தை ஒதுக்கிவிட்டு, தேர்வுக்கு முன் வாங்கும் வினா–விடைக் குறிப்பையே நம்புகிறோம். அதுவும் பிறர் எழுதிய பட்டியல்தான்.

விளையாட்டில் தவறாகத் தேர்ந்தால் முதலிலிருந்து தொடங்கலாம். பட்டப்படிப்பின் மூன்றாண்டுகளை அப்படித் தொடங்க இயலாது. நண்பர்களே, ஏட்டை முதலில் எடுங்கள். வாள் தானே வந்து சேரும்.