பேட்டரியை மாற்றுவதற்கு முன் காதைக் கொடுங்கள்

மாணவர்களே, காலையில் அப்பா காரின் சாவியைத் திருப்புகிறார். இஞ்சின் வழக்கமான வேகத்தில் 'கிர்ர்... கிர்ர்...' என்று சுற்றுகிறது. ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை. இரண்டாம் முறை, மூன்றாம் முறை, அப்போதும் இல்லை. உடனே பக்கத்து வீட்டிலிருந்து குரல் வரும்: "பேட்டரி கோங் ஆயிருக்கும், மாத்திடுங்க!"

இந்தத் தீர்ப்பை அவசரப்பட்டு ஏற்காதீர்கள். இஞ்சினைச் சுற்றுவது ஸ்டார்ட்டர் மோட்டார். ஒரு பெட்ரோல் காரில் மிக அதிகமான மின்னோட்டத்தை இழுப்பது அதுதான். நூறு ஆம்பியரையும் தாண்டும். அந்த மோட்டாரை வேகமாகச் சுற்றவைக்கும் பேட்டரியை முதல் குற்றவாளியாக நிறுத்த ஆதாரம் இல்லை. சுற்றும் வேகம் தளர்ந்து டேஷ்போர்டு விளக்குகள் மங்கினால் கதை வேறு. 'டக்' என்ற ஒரே ஒலியோடு அடங்கிவிட்டால் அது இன்னொரு கதை. மூன்றையும் "ஸ்டார்ட் ஆகல" என்ற ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறோம். நோயாளி "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொன்னால் மருத்துவர் என்ன செய்வார்?

தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுக்கு உற்றறிதல், ஊகித்தல் என்ற இரண்டு சொற்களும் நினைவிருக்கும். சோதனைத்தாளில் இரண்டையும் பிரித்து எழுதி மதிப்பெண் வாங்கிவிடுகிறோம். வீட்டு வாசலில் கார் நின்றுபோனால் மட்டும் ஏன் உற்றறியாமலேயே ஊகத்துக்குத் தாவுகிறோம்? நம் ஆய்வுக்கூடமும் ஒரு காரணம் என்பது என் கருத்து. அங்கே பரிசோதனையின் முடிவு பாடநூலில் முன்கூட்டியே இருக்கிறது. பழுதான கார் அப்படியில்லை. அதன் விடை எந்தப் பக்கத்திலும் அச்சாகவில்லை.

பெட்ரோல் இஞ்சின் ஓட காற்று, பெட்ரோல், அழுத்தம், தீப்பொறி ஆகியவை வேண்டும். அவை சரியான நேரத்திலும் வரவேண்டும். டீசல் இஞ்சினுக்குத் தீப்பொறி கிடையாது. அதை இன்னொரு நாள் பேசலாம். சுற்றியும் ஓடவில்லை என்றால் இவற்றில் ஏதோ ஒன்று குறைகிறது. காற்று முழுவதும் அடைபடுவது அபூர்வம். ஆகவே முதல் கேள்வி: பெட்ரோல் வரவில்லையா, தீப்பொறி வரவில்லையா? (தொட்டியில் பெட்ரோல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சிரிக்காதீர்கள், பெட்ரோல் முள்ளும் பொய் சொல்லும்.)

பல கார்களில் சாவியை 'ஆன்' நிலைக்குத் திருப்பியதும், ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே, பின் இருக்கைப் பக்கம் சுமார் இரண்டு விநாடிகள் 'ம்ம்ம்' என்ற மெல்லிய ஒலி கேட்கும். தொட்டிக்குள் இருக்கும் பெட்ரோல் பம்ப் குழாயில் அழுத்தத்தை ஏற்றும் ஒலி அது. அந்த ஒலி கேட்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். "பம்ப் கெட்டுவிட்டது" என்பீர்கள். இல்லை! ஒலி கேட்கவில்லை என்பது உற்றறிதல். பம்ப் கெட்டுவிட்டது என்பது ஊகம். அதே அறிகுறிக்கு வேறு காரணங்களும் உண்டு: ஃபியூஸ் எரிந்திருக்கலாம், ரிலே வேலை செய்யாமல் இருக்கலாம், கம்பி அறுந்திருக்கலாம்.

என் சக ஆசிரியர் ஒருவரின் காரில் இதுதான் நடந்தது. ஒரு பட்டறையில் முதலில் ஸ்பார்க் பிளக்குகளை மாற்றினார்கள். பிறகு, ஒலி வரவில்லை என்று பம்பையே மாற்றினார்கள். கார் அசையவில்லை. வேறொரு மெக்கானிக் வந்தார். பம்புக்குப் போகும் மின் இணைப்பைக் கழற்றி, மல்ட்டிமீட்டரை வைத்து, சாவியைத் திருப்பச் சொன்னார். சுமார் 12 வோல்ட் காட்ட வேண்டிய இடத்தில் பூச்சியம். மின்சாரமே வராத இடத்தில் எந்த பம்ப்தான் ஓடும்? பிறகு ஃபியூஸ் பெட்டியைத் திறந்து, அதே வகை ஹார்ன் ரிலேயைப் பிடுங்கி பம்ப் ரிலே இருந்த இடத்தில் செருகினார். 'ம்ம்ம்' என்றது. கார் ஓடியது. மற்ற எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தார் அல்லவா? மாறிகளை நிர்ணயித்தல் என்று நாம் எழுதுவது இதைத்தான். தீப்பெட்டி அளவுகூட இல்லாத ஒரு ரிலேக்காக, நல்ல பம்புக்கும் நல்ல பிளக்குகளுக்கும் ஏற்கெனவே பணம் போய்விட்டது.

'ம்ம்ம்' ஒலி சரியாக வந்தும் கார் ஓடவில்லை என்றால், மெக்கானிக் ஒரு பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார். அது பெட்ரோல் வாடையோடு நனைந்திருந்தால் எரிபொருள் வருகிறது, பற்றவைப்பில் கோளாறு இருக்கலாம். இந்த வேலையை நீங்கள் செய்யக் கூடாது. தீப்பொறிக்கான மின்னழுத்தம் பல்லாயிரம் வோல்ட், பக்கத்தில் பெட்ரோல் ஆவி வேறு.

"கணினியைச் செருகினால் எல்லாம் தெரிந்துவிடுமே, சார்?" என்று வகுப்பில் கேட்பார்கள். பி0335 என்ற குறியீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கிராங்க் தண்டின் நிலையைக் காட்டும் உணரியின் மின்சுற்றில் கோளாறு என்பது அதன் பொருள். அந்த உணரி 'தண்டு சுற்றுகிறது' என்று சொல்லாவிட்டால், பல கார்களில் கணினி பெட்ரோலையும் விடாது, தீப்பொறியையும் தராது. ஆனால் குறியீடு 'மின்சுற்று' என்றுதான் சொல்கிறது. உணரியா, கம்பியா, தளர்ந்த இணைப்பா என்று சொல்லவில்லை. சில கார்களில் இந்த உணரி காந்தமும் கம்பிச்சுருளும் கொண்டது. பற்சக்கரம் அருகே சுற்றும்போது மின்காந்தத் தூண்டலால் அதில் மின்னழுத்தம் பிறக்கிறது. சுருளில் நுண்ணிய விரிசல் இருந்தால் சூட்டில் விலகி, ஆறியதும் மீண்டும் ஒட்டிக்கொள்ளும். கடையில் நிறுத்திவிட்டு வந்தால் ஓடாது. அரைமணி நேரம் கழித்து ஒன்றும் நடக்காதது போல் ஓடும். "எப்போது ஓடவில்லை, சூடாக இருந்தபோதா?" என்று கேட்கும் மெக்கானிக்கிடம் காரைத் தைரியமாக விடலாம்.

"படிப்பு ஏறலன்னா பட்டறைக்குப் போ" என்று நம் வீடுகளில் சொல்வதை நான் வெறுப்பதற்கு இதுவே காரணம். தொழிற்கல்லூரிக்குப் போக விரும்பும் மாணவன் தலைகுனிந்து என்னிடம் அதைச் சொல்கிறான். ஏன் குனிய வேண்டும்? அந்த மல்ட்டிமீட்டர்க்காரர் பத்து நிமிடத்தில் செய்ததை, எஸ்.பி.எம். அறிவியலில் 'ஏ' வாங்கிய பலரால் செய்ய முடியாது. அதே சமயம், சோதிக்காமல் பாகங்களை மாற்றிக்கொண்டே போகும் பட்டறையை நான் பாராட்ட மாட்டேன். அங்கே பில் வந்தால், "எந்தச் சோதனையில் இந்தப் பாகம் கெட்டது என்று தெரிந்தது?" என்று மரியாதையாகக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

ஒரே ஒரு எச்சரிக்கை. இஞ்சின் வழக்கத்தைவிட இலேசாக, வேகமாகச் சுற்றினால் திரும்பத் திரும்பச் சாவியைத் திருப்ப வேண்டாம். டைமிங் பெல்ட் அறுந்து அழுத்தம் இல்லாமல் போயிருக்கலாம். சில இஞ்சின்களில் பிஸ்டன் வால்வில் மோதி வளைத்துவிடும்.

இந்த வாரம் ஒரு வேலை. நன்றாக ஓடுகிற உங்கள் வீட்டுக் காரில், அப்பாவோ அம்மாவோ ஓட்டுநர் இருக்கையில் இருக்க, நீங்கள் பின் இருக்கையில் உட்காருங்கள். வானொலியையும் குளிர்சாதனத்தையும் அணைக்கச் சொல்லுங்கள். சாவியை 'ஆன்' வரை மட்டும் திருப்பச் சொல்லி, அந்த இரண்டு விநாடி ஒலி கேட்கிறதா என்று பாருங்கள்.