குணமாகாத பிள்ளைக்கு வீடு கிடையாதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

குழந்தைகள் இல்லங்களில் வளரும் பிள்ளைகளை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்புவதற்கான மாதிரி வழிகாட்டுதல்களை ஒன்றிய அரசு 2024-இல் திருத்தியது. வாழ்க்கைத் துணை இல்லாதவர்களும் அதன்படி விண்ணப்பிக்கலாம். வரவேற்கிறேன். ஆனால் சாகப்போகிறது என்று டாக்டர் சொல்லிவிட்ட பிள்ளையை எந்த வீட்டுக்கு அனுப்புவது என்று யாரும் பேசக் காணோம்.

அரசு மருத்துவமனையில், குழந்தைகளுக்கான புற்றுநோய் வார்டில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இல்லத்திலிருந்து வரும் பிள்ளையை கேஸ் ஷீட்டைப் பார்க்காமலே கண்டுகொள்வோம். மற்ற பிள்ளைகள் ஊசியைக் கண்டதும் அம்மாவைக் கட்டிக்கொண்டு அலறும். இந்தப் பிள்ளை கையை நீட்டிவிட்டுச் சுவரைப் பார்க்கும். "சமத்து" என்று எல்லாரும் மெச்சுவார்கள். எனக்கு வயிறு எரியும். அழுதால் யாரும் வரமாட்டார்கள் என்று தொட்டிலிலேயே தெரிந்துகொண்ட பிள்ளை அது. நோய் எலும்புக்குள் பரவிய பிறகும் வலிக்கிறது என்று வாய் திறக்காது. வாய் திறக்காத பிள்ளைக்கு மார்ஃபின் அளவைக் கூட்ட யாருக்கும் தோன்றாது. முகம் சுருங்குவதை வைத்தே, "சிஸ்டர், இவனுக்கு என்னவோ பண்ணுது" என்று ஓடிவருபவள் தாய். இல்லத்துப் பிள்ளைக்கு ஷிஃப்டுக்கு ஒரு ஆயா. அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அங்கே ஒரு கூட்டம் பிள்ளைகளை விட்டுவிட்டு வந்தவர்கள்.

ஒரு குடும்பம் பிள்ளைக்கு என்ன தருமென்று ஆய்வே செய்திருக்கிறார்கள். ருமேனியாவில் புக்கரெஸ்ட் நகர இல்லங்களிலிருந்த 136 சின்னஞ்சிறு பிள்ளைகளைக் கொண்டு 2000-இல் ஓர் ஆய்வு தொடங்கியது. பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் விட்டார்கள். இல்லத்திலேயே இருந்தவர்களைவிட அவர்கள் அறிவிலும் பாசத்திலும் தேறினார்கள். பிள்ளை வாழப்போகிறது என்றால் அதற்கு ஒரு குடும்பம் தேட அரசுகள் ஒப்புக்கொள்கின்றன. ஆறு மாதமே இருக்கப்போகிறது என்றால் மட்டும் ஏன் வார்டு போதும் என்று விடுகிறோம்?

2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் இந்தப் பிள்ளைகளை மறந்துவிடவில்லை. பராமரிப்பும் பாதுகாப்பும் வேண்டிய குழந்தை யார் என்று சொல்லும் 2(14) பிரிவில், தீராத நோயுள்ள ஆதரவற்ற பிள்ளையும் உண்டு. ஆனால் 92-ஆம் பிரிவைப் படியுங்கள். நீண்ட சிகிச்சை தேவைப்படும் நோயோ, சிகிச்சைக்குக் கட்டுப்படக்கூடிய கோளாறோ இருந்தால் பிள்ளையைத் தகுதியான இடத்துக்கு அனுப்பலாம் என்கிறது. சிகிச்சையே கைவிட்ட பிள்ளையைப் பற்றி அங்கே பேச்சில்லை.

சட்டம் திருந்தும்வரை காத்திருக்கவும் வேண்டாம். வளர்ப்புப் பராமரிப்பைக் குறுகிய காலத்துக்கும் தரலாம் என்று 44-ஆம் பிரிவே இடம் தருகிறது. குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவு வேண்டும். ஒன்றிய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் கிடைக்கும். படுக்கையிலிருக்கும் பிள்ளைக்கு டயப்பருக்கும் ஆட்டோவுக்குமே அது காணாது. மாநில அரசு மேலே போட்டுத் தர வேண்டும். தமிழ்நாடு அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 முதல் வலிநிவாரணச் சிகிச்சையை வீட்டுக்கே கொண்டுபோகிறது. அத்திட்டத்தின் செவிலியர் இந்தப் பிள்ளையின் வளர்ப்பு வீட்டுக்கும் வரட்டும்.

சாகிற பிள்ளையை யார் ஏற்பார்கள் என்று கேட்பார்கள். எங்கள் வார்டில் மகனைப் பறிகொடுத்த ஒரு தாய், காரியம் முடிந்த கையோடு திரும்பி வந்தார், பக்கத்துப் படுக்கையிலிருந்த இல்லத்துப் பிள்ளைக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு. சில நாள் விட்டார்கள். பிறகு, "நீங்க இந்தப் பிள்ளைக்கு யாரும்மா?" என்று கேட்டு வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். விதிப்படி அது சரி. அந்தப் பெண்ணுக்கு ஒரு அடையாள அட்டை தர இந்த மாநிலத்தில் வழியில்லாமல் போனதுதான் தவறு. அவரைப் போன்றவர்களைத் தேடிப் பதிவுசெய்து, பயிற்சி கொடுத்து, பிள்ளையின் கடைசி நாள்வரை கூட இருக்க அனுமதிக்கும் பொறுப்பை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகளிடம் சமூக நலத் துறை இந்த ஆண்டே ஒப்படைக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
மதுரை