உங்க டொமைன் யார் பேர்ல இருக்கு?

திருவண்ணாமலை மாட வீதியை ஒரு சுற்று சுற்றி போர்டுகளை மட்டும் படித்துப் பாருங்கள். லாட்ஜ், டிராவல்ஸ், ஜவுளிக்கடை, கோச்சிங் சென்டர்... பத்தடிக்குப் பெயர்ப்பலகை, கீழே பொடி எழுத்தில் ஒரு ஜிமெயில் முகவரி. சிலவற்றில் வெப்சைட் பெயரும் இருக்கும். உள்ளே போய், "சார், இந்த டொமைன் யார் பேர்ல பதிவாகியிருக்கு?" என்று கேளுங்கள். பெரும்பாலும் வரும் பதில்: "அதெல்லாம் சைட் பண்ணின தம்பி பாத்துப்பாரு."

என் கோபம் எல்லாம் இந்த ஒரு வரி மேலதான்!

வீடு கட்டியது கொத்தனார்தான், அதனால் பத்திரமும் அவர் பேரிலேயே இருக்கட்டும் என்று யாராவது சொல்வோமா? ஒரு சென்ட் நிலத்துக்கு வில்லங்கம் பார்க்கும் ஊரில், கடையின் பெயரையே அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறோம்.

கொஞ்சம் அடிப்படை. இணையத்தின் ஆரம்ப காலத்தில் எல்லாக் கணினிகளின் பெயரும் எண்ணும் ஒரே ஒரு கோப்பில் இருந்தன. அது கட்டுப்படியாகாமல் போகவே, 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ் என்ற முறையை வடிவமைத்தார். உங்கள் பெயரைத் தேடி வருகிறவரை எந்த வாசலுக்கு அனுப்புவது என்று சொல்வதுதான் அதன் வேலை. பெரிய கோயிலுக்கு நாலு திசையில் நாலு கோபுர வாசல் இருப்பது மாதிரி என்று வைத்துக் கொள்ளுங்கள். சைட் பார்க்க வருகிறவருக்கு வழி சொல்வது 'ஏ' ரெக்கார்ட். மெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்வது 'எம்எக்ஸ்'. உங்கள் பெயரில் மெயில் அனுப்ப யாருக்கு அனுமதி என்பது 'டிஎக்ஸ்டி'. இந்தப் பட்டியல் மொத்தமும் யாரிடம் இருக்கிறது என்று சொல்வது 'என்எஸ்'.

இதில் முக்கியமான விஷயம், சைட்டும் மெயிலும் ஒரே இடத்தில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. இது தெரியாததால்தான் பாதி விபத்து. புது ஆள் வருவார், புது ஹோஸ்டிங் வாங்குவார், நேம்சர்வரை மாற்றிவிடுவார். சைட் பளபளவென்று வரும், மெயில் செத்துப் போகும். காரணம், பழைய பட்டியலில் இருந்த எம்எக்ஸ் வரிகளைப் புதுப் பட்டியலில் யாரும் எழுதவில்லை. ஒரே ஒரு 'ஏ' வரியை மாற்றியிருந்தால் முடிந்திருக்கும் வேலை. கேட்டால், "48 மணி நேரம் ஆகும் சார், தானா வந்துடும்" என்பார்கள். எழுதாத வரி 48 வருஷம் ஆனாலும் வராது!

பெரிய இடங்களிலும் இப்படி நடந்திருக்கிறது. 1999 கிறிஸ்துமஸ் சமயத்தில் பாஸ்போர்ட் டாட் காம் என்ற டொமைனைப் புதுப்பிக்க மைக்ரோசாஃப்ட் மறந்துவிட்டது. ஹாட்மெயிலுக்குள் நுழைய முடியாமல் பலர் தவித்தார்கள். கடைசியில் சம்பந்தமே இல்லாத ஒரு புரோகிராமர் தன் கைக்காசு 35 டாலரைக் கட்டிக் காப்பாற்றினார். மைக்ரோசாஃப்டுக்கே அந்த கதி. கார்த்திகை தீபத்துக்குப் பத்து நாள் முன்னால் நம்மூர் லாட்ஜ் ஒன்றின் டொமைன் காலாவதியானால் பணம் கட்ட யார் வருவார்? 'தம்பி' அப்போது பெங்களூரில் வேலையில் இருப்பார், நம்பரும் மாறியிருக்கும்.

இனி எதிர்வாதங்கள்.

"எங்களுக்கு ஜிமெயிலே போதும்." சரி, ஆனால் உங்கள் கடை பெயரோடு ஒரு எழுத்தைக் கூட்டி இன்னொரு ஜிமெயில் திறக்க அஞ்சு நிமிஷம் போதும். வாடிக்கையாளர் எதை நம்புவார்? அண்ணாமலையார் கோயிலின் தளம் தமிழக அரசின் அறநிலையத் துறை டொமைனுக்குக் கீழே இருக்கிறது. வால் பகுதியில் 'கவ் டாட் இன்' இருக்கிறதா என்று பார்த்தே அசலா போலியா என்று சொல்லிவிடலாம். இந்த வால் எவ்வளவு முக்கியம் என்றால், எல்லா வங்கிகளும் 2025 அக்டோபர் 31-க்குள் 'பேங்க் டாட் இன்' டொமைனுக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கியே உத்தரவு போட்டது. லாட்ஜுக்கு அப்படி ஒரு தனி வால் கிடையாது. அதற்கு இருக்கும் ஒரே அடையாளம் சொந்தப் பெயர்.

"ஹோஸ்டிங் கம்பெனி பெரிய கம்பெனி, அவங்க பாத்துப்பாங்க." கம்பெனி மாறும், பெயர் நிலைக்க வேண்டும். மத்திய அரசு ஊழியர்களின் 12 லட்சம் மெயில் கணக்குகள் ஜோஹோவின் தளத்துக்கு மாறிவிட்டதாக 2025-ல் செய்தி வந்தது. ஆனால் அதிகாரிகளின் முகவரி மாறவில்லை, பழைய அரசு டொமைன்தான். டொமைன் சொந்தமாக இருந்தால் பின்னால் இருக்கும் கம்பெனியை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.

"அதெல்லாம் ரொம்ப டெக்னிக்கல்." ரெக்கார்டுகளை நீங்களே எழுத வேண்டாம், ஆள் வைத்துக் கொள்ளுங்கள். ஆனால் சாவி உங்களிடம் இருக்கட்டும். செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

1. டொமைன் உங்கள் பெயரில், உங்கள் மெயில், உங்கள் போன் நம்பரோடு பதிவாக வேண்டும். அந்த மெயில் அதே டொமைனில் இருக்கக் கூடாது. டொமைன் போனால் பாஸ்வேர்டு மீட்கும் மெயிலும் வராது.

2. தானாகப் புதுப்பிக்கும் வசதியைப் போட்டு வையுங்கள். வருஷத்துக்குச் சில நூறு முதல் ஆயிரத்துச் சொச்சம்தான்.

3. எதையும் மாற்றும் முன் இப்போதைய ரெக்கார்டுகள் எல்லாவற்றையும் ஒரு தாளில் பிரிண்ட் எடுங்கள்.

4. எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றும் இருக்கிறதா என்று கேளுங்கள். 2024 பிப்ரவரி முதல் மொத்தமாக மெயில் அனுப்புகிறவர்களிடம் ஜிமெயிலும் யாஹூவும் இவற்றைக் கட்டாயமாகக் கேட்கின்றன. நீங்கள் நாலே மெயில் அனுப்பினாலும், இவை இல்லாவிட்டால் ஸ்பாமுக்குப் போகும் வாய்ப்பு அதிகம்.

கடைசியாக என் வகுப்புத் தோழர்களுக்கு. நாளைக்கு அந்தத் 'தம்பி' வேறு யாரும் இல்லை, நாம்தான். பாக்கெட் மணிக்காக சைட் பண்ணித் தரும்போது, நம் கணக்கிலேயே டொமைன் வாங்குவது சுலபம். அடுத்த வருஷம் மூணு மடங்கு கேட்கலாம், ஆளை விடாமல் பிடித்து வைக்கலாம். அப்படிச் செய்பவர்களும் இருக்கிறார்கள். அதற்குப் பெயர் தொழில் இல்லை, பிணைக்கைதி பிடிப்பது. வேலை நன்றாக இருந்தால் வாடிக்கையாளர் தானாகத் திரும்பி வருவார்.

உங்கள் அப்பா கடைக்கோ மாமா லாட்ஜுக்கோ சைட் இருக்கிறதா? இன்றைக்கே கேளுங்கள், டொமைன் யார் பேரில் இருக்கிறது என்று. பதில் சொல்ல அவர்கள் தடுமாறினால், இன்றைக்கே மாற்ற ஆரம்பியுங்கள்.