பெரிய டயர் மாட்டினால் ஜீப் மேடு ஏறுமா?

கேள்வி: ஐயா, எங்கள் தோட்டம் கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடிக்கு அருகே இருக்கிறது. காபி, மிளகு, இடையில் மலைவாழை. தார்ச்சாலையிலிருந்து தோட்டத்துக்கு மூன்று கிலோமீட்டர் மண்பாதை. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஜீப் சேற்றில் அமர்ந்துவிடுகிறது. அடியில் டிஃபரன்ஷியல் உருண்டை பாதையின் நடுமேட்டில் தட்டுகிறது. நான்கு சக்கர இழுவை உள்ள பழைய டீசல் ஜீப், டயர் 215/75 ஆர் 15. டயர் கடைக்காரர் 31 அங்குல டயர் போடச் சொல்கிறார். மெக்கானிக்கோ, கிரவுன் பினியன் மாற்றாமல் போட்டால் வண்டி இழுக்காது என்கிறார். எதை நம்புவது?

பதில்: பயிருக்கு மருந்து கேட்டு வரும் கடிதங்களுக்கு நடுவே ஒரு டயர் கடிதம். நான் மெக்கானிக் இல்லை. ஆனால் பணிக்காலத்தில் பல வருடம் மலை வட்டாரத்தில் ஜீப்பில் அலைந்தவன். டிராக்டர் டயர் கணக்கு கல்லூரியிலேயே படித்தது, ஜீப்புக்கும் அதே கணக்குத்தான்.

முதலில் உங்கள் டயரின் உயரம். 215 என்பது அகலம், மில்லிமீட்டரில். 75 என்பது அந்த அகலத்தில் 75 சதவீதம் பக்கச்சுவரின் உயரம். 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். கூட்டிப் பார்த்தால் முழு உயரம் 27.7 அங்குலம் வருகிறது. கடைக்காரர் சொல்வது 31. வித்தியாசம் மூன்றேகால் அங்குலத்துக்கு மேல் என்றதும் உருண்டை அவ்வளவு உயர்ந்துவிடும் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. அச்சு சக்கரத்தின் நடுவில் இருக்கிறது, அதனால் பாதிதான் உயரும்: ஒன்றரை அங்குலத்துக்குச் சற்று மேல். அத்தனை பணமும் இந்த ஒன்றரை அங்குலத்துக்குத்தான்.

பதிலுக்கு என்ன போகிறது என்று பாருங்கள். உங்கள் டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 87 அங்குலம் உருளும். 31 அங்குல டயர் 97 அங்குலம் உருளும். (நம்பிக்கை இல்லையென்றால் டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, வண்டியை ஒரு சுற்று தள்ளி, தரையில் நாடா பிடித்து அளந்து பாருங்கள். சுமையில் டயர் அமுங்குவதால் கொஞ்சம் குறைவாக வரும்.) ஆக, எல்லா கியரும் 12 சதவீதம் வேகக் கியராக மாறிவிட்டது போல ஆகும். இழுவை ஒன்பதில் ஒரு பங்கு குறையும். வேகமுள் 40 காட்டும்போது வண்டி 45இல் ஓடும். தார்ச்சாலை ஏற்றத்தில் மூன்றாவது கியரில் ஏறிய இடத்தில் இரண்டாவது கேட்கும். உங்கள் மெக்கானிக் சொல்வது இதைத்தான், அது சரி.

ஆனால் அவர் ஒன்றை விட்டுவிட்டார். உங்கள் ஜீப்பில் லோ கியர் லீவர் இருக்கிறது. அதைப் போட்டால் இழுவை இரண்டு மடங்குக்கும் மேல் கூடும். அதற்கு முன்னால் ஒன்பதில் ஒரு பங்கு இழப்பு பெரிதல்ல. அந்த மூன்று கிலோமீட்டர் மண்பாதையில் இழுவை ஒரு பிரச்சினையே இல்லை. ஹை கியரிலேயே கிளட்சை அரை மிதியில் வைத்துக்கொண்டு ஏறுகிறவர்களுக்குத்தான் கிளட்ச் பிளேட் கருகும். லோ லீவரை வருடக்கணக்கில் தொடாமல் வைத்து, துருப்பிடிக்கவிட்ட ஜீப்புகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எனக்குக் கவலை ஏற்றம் அல்ல, இறக்கம். வாழைத்தார் நிறைத்துக்கொண்டு வத்தலக்குண்டு நோக்கி இறங்குகிறீர்கள். டயர் பெரிதானால் பிரேக்குக்கு எட்டில் ஒரு பங்கு கூடுதல் வேலை. இன்ஜின் இழுத்துப் பிடிப்பதும் அதே அளவு குறையும். டிரம் பிரேக் சூடேறினால் பிடிமானம் குறையும் என்பது மலையில் ஓட்டுகிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பின்னால் தாரோடு ஆட்களும் உட்கார்ந்து வருவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். 31 வேண்டாம் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

மற்ற காரணங்களும் உண்டு. அகலமான அந்த டயருக்கு 7 அங்குலத்துக்குக் குறையாத ரிம் வேண்டும். ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பினால் ஸ்பிரிங்கிலோ மட்கார்டிலோ உரசும். உற்பத்தியாளர் கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்கிறது. விபத்து என்று வந்தால் காப்பீட்டுக்காரர்கள் முதலில் பார்ப்பது இதைத்தான்.

அப்படியானால் என்ன செய்யலாம்? பழைய டயர் தேய்ந்திருந்தால் அதே அளவில், ஆழமான கட்டை உள்ள சேற்று டயர் வாங்குங்கள். சேற்றில் பிடிப்பது டயரின் கட்டைதான். கொஞ்சமாவது உயரம் வேண்டும் என்றால் 235/75 ஆர் 15 இருக்கிறது. உயரம் 28.9 அங்குலம், வித்தியாசம் 4 சதவீதம். கிரவுன் பினியனைத் தொட வேண்டாம், ஓட்டும்போது பெரிதாகத் தெரியாது. ஆனால் ரிம்மில் பொறித்திருக்கும் அகலம் 6 அங்குலமாவது இருக்க வேண்டும். ஐந்தரை என்றால் விட்டுவிடுங்கள். அந்த அளவு உங்கள் வண்டிக் கையேட்டில் இல்லையென்றால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிட்டு மாட்டுங்கள். டயரின் பக்கவாட்டில் அளவை அடுத்து ஓர் எண் இருக்கும். 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும். பழைய டயரில் உள்ள எண்ணுக்குக் குறைந்ததை வாங்காதீர்கள்.

நான்கையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒரு காபி விவசாயி பணம் போதாமல் பின்னால் மட்டும் பெரிய டயர் போட்டார். நான்கு சக்கர இழுவையில் தார்ச்சாலைக்கு வந்தபோது முன்னச்சும் பின்னச்சும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு, லீவர் வெளியே வரவே இல்லை. பத்தடி ரிவர்ஸ் எடுத்த பிறகுதான் விட்டது. நாங்கள் நாலு பேர் அவர் வண்டிக்குப் பின்னால் மழையில் நின்றுகொண்டிருந்தோம்.

காசில்லாத வழி ஒன்று: காற்று. 30 பவுண்டு வைத்திருந்தால், சுமை இல்லாமல் தோட்டத்துக்கு ஏறும்போது சேற்றுப் பகுதியில் 20க்குக் குறைத்துப் பாருங்கள். டயர் படர்ந்து பிடிக்கும். தார் ஏற்றிய பிறகு அப்படிக் குறைக்காதீர்கள். டியூப் போட்ட டயரில் ரொம்பக் குறைத்தால் டயர் ரிம்மில் வழுக்கி, டியூபின் வால்வு அறுந்துவிடும். சாலைக்கு வந்ததும் நிரப்ப ஒரு கால் பம்பும் காற்றளவு பார்க்கும் கேஜும் வண்டியில் கிடக்கட்டும்.

என் துறைக்கு வருகிறேன். உருண்டை தட்டுவது பாதையின் நடுமேட்டில் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மழைநீர் சக்கரத்தடத்தையே வாய்க்காலாக்கி ஓடுவதால் தடம் பள்ளமாகி, நடு மேடாகிறது. சேறாகும் இடத்துக்கு மேலே, பாதைக்குக் குறுக்கே சாய்வாக ஒரு வடிகால் வெட்டி, கல் பதித்து, நீரைப் பக்கத்துக்குத் திருப்புங்கள். சரிவு அதிகமான இடத்தில் நெருக்கமாக வெட்டுங்கள். நீர் விழும் விளிம்பில் வெட்டிவேர் நடுங்கள். நடுமேட்டை மண்வெட்டியால் செதுக்கி, அந்த மண்ணோடு சரளை சேர்த்துத் தடத்தை நிரப்புங்கள். இரண்டு ஆள், நாலைந்து நாள் வேலை. புரட்டாசிக்குள் முடித்தால் டயர் முடிவை அடுத்த வருடத்துக்குக்கூடத் தள்ளலாம்.

இதே வாரம் ஒரு டெல்டா விவசாயி, டிராக்டரின் பின் டயரை 13.6-28இலிருந்து 14.9-28க்கு மாற்றலாமா என்று கேட்டிருந்தார். அவருடையது முன்சக்கர இழுவையும் உள்ள வண்டி. அதில் முன்சக்கரம் பின்சக்கரத்தைவிடச் சற்று வேகமாக உருளும்படி அமைத்திருப்பார்கள். பின்னால் மட்டும் பெரிதாக்கினால் அந்தக் கணக்கு கெட்டு, முன் டயர் இழுபட்டுத் தேயும். ரோட்டவேட்டர் ஓட்டினால் இன்னொன்றும் தெரியும். பி.டி.ஓ. சுற்று மாறாது, வண்டி முன்னேறும் வேகம் மட்டும் கூடும், கட்டி பெரிதாக விழும். ஒரு கியர் குறைத்து ஓட்டினால் டீசலும் நேரமும் போகும். அவருக்கும் என் பதில், இப்போதுள்ள அளவிலேயே புது டயர்.