பெயரும் ஊரும் போதும்!

போகிக்கு முந்தைய நாள் பரணில் இருந்து டிரங்குப் பெட்டி கீழே இறங்கும். பழைய பஞ்சாங்கம், ரேஷன் கார்டு, கல்யாணப் பத்திரிகைகள். அவற்றுக்கு நடுவே நாலாக மடித்த ஒரு பேப்பர் கட்டிங். பழுப்பேறி, மடிப்பில் கிழிந்திருக்கும். எந்தப் பத்திரிகை, என்ன தேதி என்று எதுவும் இருக்காது.

"இது யாரு பாட்டி?" என்று பேத்தி கேட்பாள். "உங்க தாத்தாவோட சித்தப்பாடி. பேரு வாய்க்குள்ளயே நிக்குது, வெளிய வரமாட்டேங்குது" என்பார் பாட்டி. மறுநாள் விடிந்தால் அது போகி நெருப்புக்கோ, பழைய பேப்பர் கடைத் தராசுக்கோ போய்விடும். அதோடு ஒரு மனிதரைப் பற்றிக் குடும்பத்தில் மிஞ்சியிருந்த கடைசித் தடயமும் போகும்.

ஒரு துண்டுக் காகிதம் என்ன செய்துவிடும் என்று நினைப்பவர்களுக்குத் திருவண்ணாமலையிலேயே பதில் இருக்கிறது.

மூன்று காகிதங்கள்

1896 ஆகஸ்ட் 29. மதுரையில் சித்தப்பா வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த 16 வயது வேங்கடராமன் காணாமல் போனான். அண்ணன் நாகசாமியின் கல்லூரிச் சம்பளம் கட்டுவதற்காக வைத்திருந்த 5 ரூபாயில் 3 ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதி 2 ரூபாயோடு ஒரு கடிதம் வைத்துவிட்டுப் போயிருந்தான். தேட வேண்டாம், சம்பளம் இன்னும் கட்டவில்லை என்று அதில் எழுதியிருந்தான். எங்கே போகிறேன் என்று எழுதவில்லை. அடியில் கையெழுத்தும் இல்லை.

தகப்பனார் சுந்தரமய்யர் 1892-லேயே காலமாகிவிட்டார். தாய் அழகம்மாள் பிள்ளையைத் தேடி உறவினர்களை எல்லாத் திசைக்கும் அனுப்பினார். பயனில்லை.

செப்டம்பர் 1-ம் தேதியே திருவண்ணாமலை வந்து சேர்ந்த அந்தப் பையன் பேசாமல் இருந்தான். ஊரார் 'பிராமண சுவாமி' என்றார்கள். பெயர் என்ன, ஊர் எது என்று யாருக்கும் தெரியாது. தாலுகா அலுவலகத்தில் வேலை பார்த்த ஓர் அன்பர், பெயரும் ஊரும் சொல்லாவிட்டால் சாப்பிட மாட்டேன் என்று பிடிவாதமாக உட்கார்ந்துவிட்டார். வேறு வழியில்லாமல் ஒரு காகிதத்தில் ஆங்கிலத்தில் இரண்டே சொற்கள் எழுதப்பட்டன: வேங்கடராமன், திருச்சுழி.

அந்தச் செய்தி வாய் வழியாக நடந்து மதுரைக்குப் போனது. திருவண்ணாமலையில் இருந்து போன தம்பிரான் ஒருவர் அங்கே ஒரு மடத்தில் பேசும்போது இளம் துறவியின் பெயரையும் ஊரையும் சொன்னார். கூட்டத்தில் குடும்பத்தை அறிந்த ஒருவர் இருந்தார். 1898-ல் இன்னொரு சித்தப்பா நெல்லையப்பய்யர் மாந்தோப்பில் வந்து பார்த்துவிட்டுப் போனார். அந்த டிசம்பரில் தாயே வந்து அழுதார். பிள்ளை திரும்பி வர மறுத்ததும் ஒரு காகிதத்தில்தான் எழுதித் தரப்பட்டது. பின்னாளில் ரமண மகரிஷி என்று உலகம் அறிந்தவர் அவர். 1916-ல் தாயும் திருவண்ணாமலைக்கே வந்து மகனோடு தங்கினார்.

இரண்டு ஆண்டுத் தேடல் முடிவுக்கு வந்தது பெயரும் ஊரும் கிடைத்ததால்தான். டிரங்குப் பெட்டி கட்டிங்கில் தேட வேண்டியதும் இந்த இரண்டைத்தான். மூன்றாவதாகத் தேதி.

எழுத்தே தேதி சொல்லும்

தேதி இல்லாத கட்டிங்கை முதலில் திருப்பிப் பாருங்கள். கத்தரித்தவருக்கு வேண்டியது முன்பக்கம். ஆராய்பவருக்கு உதவுவது பெரும்பாலும் பின்பக்கம். அங்கே ஒரு சினிமா விளம்பரம் இருந்தால் ஆண்டு ஏறத்தாழத் தெரிந்துவிடும். விலை அணாவில் இருந்தால், அது பெரும்பாலும் 1957 ஏப்ரலில் நயா பைசா வருவதற்கு முந்தையது. 'சென்னை மாநிலம்' அல்லது 'சென்னை ராஜ்யம்' என்றிருந்தால் 1969 ஜனவரிக்கு முந்தையது. அதன் பிறகு தமிழ்நாடு.

'திருவண்ணாமலை' என்ற பெயரே ஒரு தேதி முத்திரைதான். அதில் உள்ள 'ணா' முன்பு சுழித்த தனி வடிவத்தில் இருந்தது. 'லை' யானைத் துதிக்கை போன்ற கொம்போடு இருந்தது. பெரியார் தம் 'குடி அரசு' இதழில் 1935-லேயே இவற்றை மாற்றினார். அரசு ஆணை வந்தது 1978-ல். ஊர்ப் பெயர் பழைய வடிவத்தில் அச்சாகியிருந்தால், அந்தக் காகிதம் அநேகமாக அந்த மாற்றம் பரவுவதற்கு முந்தையது.

பத்திரிகையின் பெயர் தெரிந்தால் இன்னும் நல்லது. 'சுதேசமித்திரன்' 1882-ல் வார இதழாகத் தொடங்கி 1899-ல் நாளிதழானது. 'தினமணி' 1934-ல் வந்தது. 'தினத்தந்தி' 1942-ல் வந்தது. தாத்தாவைப் பற்றி 1930-லேயே தினத்தந்தியில் வந்ததாக வீட்டில் சொன்னால், பத்திரிகை தவறு அல்லது ஆண்டு தவறு.

தமிழ் ஆண்டுப் பெயரில் கவனம் தேவை. 60 ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும். 'தாது வருஷம்' என்றால் பெரும் பஞ்சம் வந்த 1876-ஆகவும் இருக்கலாம், 1936-ஆகவும் இருக்கலாம். இடையில் ஒரு தலைமுறையே, சில வீடுகளில் இரண்டு தலைமுறையே நழுவிப் போகும்.

மாவட்டம் மாறினால் ஆளும் மறைவார்

திருவண்ணாமலைக் குடும்பங்கள் அடிக்கடி தடுமாறும் இடம் ஒன்று உண்டு. இந்தத் தாலுகா 1911 வரை தென் ஆற்காடு ஜில்லாவில் இருந்தது. பிறகு வட ஆற்காட்டுக்குப் போனது. தனி மாவட்டம் ஆனது 1989-ல், 'திருவண்ணாமலை சம்புவராயர்' என்ற பெயரில். கொள்ளுத்தாத்தா காலத்துச் செய்தியை 'வட ஆற்காடு' என்ற தலைப்பில் மட்டும் தேடினால் கிடைக்காமல் போகலாம்.

பெயரும் அப்படித்தான். பழைய செய்தியில் ஒருவருக்கு இனிஷியல் இருக்கும், சாதிப் பெயர் இருக்கும், வீட்டில் கூப்பிடும் பெயர் இருக்காது. பெண்களைத் தேடுவது இன்னும் கடினம். 'இன்னாரின் மனைவி', 'இன்னாரின் தாயார்' என்றுதான் பெரும்பாலும் அச்சாகும். அந்தப் பெண்ணின் பெயர் கல்யாணப் பத்திரிகையிலோ, நிலப் பத்திரத்திலோ, பாட்டியின் நினைவிலோதான் இருக்கும். கட்டிங்கையும் பத்திரிகையையும் பத்திரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் அவருக்கு முகம் கிடைக்கும்.

கோட்டையூர்க்காரர் சேர்த்தது

கட்டிங்கின் மீதிப் பகுதி வேண்டும் என்றால் எங்கே போவது? செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். மற்றவர்கள் எடைக்குப் போட்டதை அவர் காசு கொடுத்து வாங்கினார். நூல்கள், பத்திரிகைகள், நாடக நோட்டீஸ்கள், அழைப்பிதழ்கள் என்று சேர்ந்தவை சுமார் ஒரு லட்சம். 1992-ல் அவர் மறைந்தபோது அத்தனையும் சிதறிப் போயிருக்கலாம். சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியது, ஆனால் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகவில்லை. 1994-ல் அது சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமானது. இப்போது தரமணியில் இருக்கிறது.

எழும்பூரில் கன்னிமாரா நூலகமும் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் இருக்கின்றன. போவதற்கு முன் பெயர், ஊர், உத்தேச ஆண்டு மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் அலைச்சல் குறையும். போனிலேயே பார்ப்பதற்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய இதழ்கள் பல உள்ளன.

லேமினேஷன் வேண்டாம்

செய்தித்தாள் மலிவான மரக்கூழில் செய்வது. அதில் உள்ள லிக்னின் என்ற பொருள் வெளிச்சமும் காற்றும் பட்டால் மஞ்சளாகும், தாள் நொறுங்கும். ஆகவே கட்டிங்கை வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள். செலோடேப் ஒட்டினால் பசை கறையாக இறங்கும். லேமினேஷன் செய்தால் திரும்பப் பிரிக்க முடியாது. முதல் வேலை, போனில் இரண்டு பக்கத்தையும் படம் எடுப்பது. பிறகு மடிப்பைப் பிரித்து, அமிலமில்லாத தாள்களுக்கு நடுவே தட்டையாக வைக்கலாம்.

அச்சில் வந்ததெல்லாம் உண்மையா?

இல்லை. நிருபருக்குப் பெயர் தவறும், வயது தவறும், உறவுமுறையும் தவறும். ரமணரின் வரலாற்றை எழுதிய வழக்கறிஞர் பி.வி. நரசிம்ம சுவாமி, அவரை நேரில் அறிந்தவர்களிடம் கேட்டுக் கேட்டுத்தான் எழுதினார். நூல் 1931-ல் வெளிவந்தது. வேங்கடராமன் வீட்டை விட்டுப் போய் அப்போது 35 ஆண்டுகள் ஆகியிருந்தன. கேட்பதற்கு ஆட்கள் இன்னும் இருந்தார்கள்.

வீடுகளிலும் கணக்கு அதுதான். காகிதம் இன்னும் சில ஆண்டு தாங்கும். நினைவு அவ்வளவு தாங்காது. இந்த ஞாயிற்றுக்கிழமை அந்தக் கட்டிங்கைப் பாட்டி கையில் கொடுத்துவிட்டு, போனில் ரெக்கார்டரை ஆன் செய்து பக்கத்தில் உட்காரலாம். முதல் நாள் வாய்க்குள் நின்ற பெயர், இரண்டாம் காபிக்குள் வெளியே வந்துவிடவும் கூடும்.