யாரை நிப்பாட்டுறது?

"பிரச்சினையாப் போச்சு, புள்ளைய நிப்பாட்டிட்டோம்." யட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கம் லயங்களில் வளர்ந்த நாங்கள் இந்த வசனத்தைக் கேட்டுக் கேட்டுத்தான் வளர்ந்தோம். என்ன பிரச்சினை? றப்பர் மலைப் பாதையில் ஒருத்தன் தினமும் பின்னால் வந்தான். அல்லது வகுப்பில் ஒரு வாத்தியார் தோளில் வைத்த கையை எடுக்கவில்லை. செய்தவன் அடுத்த நாளும் பள்ளிக்கூடம் வருவான். பிள்ளை வீட்டில் இருக்கும், கொஞ்ச நாளில் கொழும்பில் யாரோ வீட்டு வேலைக்குப் போகும்.

பல்கலைக்கழகம் வந்த பிறகுதான் இதற்குப் 'பால்நிலை வன்முறை' என்று பெயர் இருப்பது எங்களுக்குத் தெரிந்தது. பிரித்தானியக் கல்வி ஆய்வாளர் ஃபியோனா லீச், சக ஆய்வாளர்களோடு கானா, மலாவி, சிம்பாப்வே பள்ளிகளில் நடத்திய ஆய்வு 2003இல் வெளிவந்தது. பெரிய பொடியன்களின் சீண்டலும் சில ஆசிரியர்களின் அத்துமீறலும் அங்கே சாதாரண விசயமாகியிருந்தன. தெரிந்தும் நிர்வாகம் சும்மா இருந்தது. அந்தச் சும்மா இருத்தலே ஒரு பாடம்: பொடியனுக்கு 'செய்யலாம்', பிள்ளைக்கு 'பொறுத்துக்கொள்'.

"அது ஆப்பிரிக்கா, நம்ம பள்ளிக்கூடம் அப்படியில்ல" என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறோம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைக்காக 2017இல் இலங்கைப் பாடசாலைகளில் செய்யப்பட்ட ஆய்வில், ஏறக்குறைய 80 சதவீத மாணவர்கள் ஒரே தவணைக்குள் உடல் தண்டனை பெற்றிருந்தார்கள். அதைத் தடுக்கும் கல்வி அமைச்சின் சுற்றறிக்கை வந்ததோ 2005இல்! "அடியாத மாடு படியாது" என்று பிரம்பெடுக்கிற இடத்தில், "சேர், அவரு என்மேல கை வச்சாரு" என்று ஒரு பிள்ளை யாரிடம் போய்ச் சொல்லும்?

பெற்றாரை நாங்கள் குறை சொல்லவில்லை. விடியலில் பால் வெட்டப் போகும் அம்மாவுக்கு அரைநாள் பேர் போனால் அடுப்புக்கே பிரச்சினை. பொலிசுக்குப் போனாலும் சிங்களத்தில் எழுதிய முறைப்பாட்டில் வாசிக்காமல்தான் கையெழுத்து வைக்கணும். அவருக்கு இருக்கிற ஒரே வழி, பிள்ளையை நிப்பாட்டுவது. அந்த ஒரே வழியை உண்டாக்கியவர்கள்தான் பதில் சொல்லணும்.

நாங்கள் கேட்பது பெரிசா ஒன்றுமில்லை. பாடசாலைக்கு ஒரு பெண் ஆசிரியர் தமிழில் முறைப்பாடு எடுக்கட்டும். 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்தை ஒவ்வொரு வகுப்புச் சுவரிலும் தமிழில் எழுதுங்கள். விசாரணை முடியும்வரை குற்றம் சாட்டப்பட்டவர் வகுப்புக்கு வெளியே நிற்கட்டும், பிள்ளை உள்ளே இருக்கட்டும்.

"வெளிய தெரிஞ்சா பள்ளிக்கூடத்துப் பேர் கெட்டுப்போகும்" என்று அடுத்த பெற்றார் கூட்டத்தில் யாராவது சொன்னால், எழும்பி நின்று கேளுங்கள்: அப்ப யாரை நிப்பாட்டப் போறீங்க?